ஆறு கை ஆக்டோபஸும் எங்கப்பாவோட லேத்தும்

போன வாரம் ஆபீஸ்ல ஒரு சின்னச் சண்டை. சண்டைன்னா பெருசா ஒண்ணும் இல்லீங்க. மதியம் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி வச்சிட்டு, 1963-ல வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தோட எலும்புக்கூடு சண்டையை மொபைல்ல நூத்தியெட்டாவது தடவையா பாத்துக்கிட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்ன எங்க டீம் தம்பி (காலேஜ் முடிச்சு இன்னும் ஒரு வருஷம் கூட ஆகல) எட்டிப் பாத்துட்டு, "என்னண்ணா, பொம்மலாட்டமா? கிராபிக்ஸ் ஏன் இவ்ளோ கேவலமா இருக்கு?"ன்னு கேட்டான்.

"டேய், அது கிராபிக்ஸே இல்லடா"ன்னு ஆரம்பிச்சேன். இருபது நிமிஷம் மூச்சு விடாம பேசியிருப்பேன். ரெண்டு மணி மீட்டிங்குக்கு லேட்டு. மேனேஜர் முறைச்சது தனிக்கதை. எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு தம்பி கடைசியா ஒண்ணு சொன்னான் பாருங்க. "சரிண்ணா, கஷ்டப்பட்டிருக்காங்க, ஒத்துக்கறேன். ஆனா கஷ்டப்பட்டு எடுத்தாங்கங்கறதுக்காக நல்லா இருக்குன்னு சொல்ல முடியுமா?"

நான் கப்சிப்.

நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வந்தப்புறமும் மண்டையில அதேதான் ஓடிக்கிட்டு இருந்தது. அதுக்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம் ஜாஸ்தி. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

பொம்மை எப்படி நடக்குது?

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம். தெரியாதவங்களுக்கு: சினிமா ஃபிலிம் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடுது. ஒரு பொம்மையை வச்சு ஒரு ஃப்ரேம் எடுக்கணும். அப்புறம் அதோட கையை நூலிழை அளவு நகர்த்தி அடுத்த ஃப்ரேம். இப்படி 24 தடவை செஞ்சா ஒரு செகண்ட் கிடைக்கும். பத்து செகண்ட் வேணும்னா 240 தடவை. இதுக்குப் பேர்தான் ஸ்டாப் மோஷன். பொம்மைக்கு உள்ள உலோகத்துல எலும்பு இருக்கும். தோள், முழங்கை, விரல்னு எல்லா இடத்துலயும் நம்ம உடம்புல இருக்கற மாதிரியே மூட்டு. மேல ரப்பர் சதை.

இந்த வித்தையை உலகமே வாயைப் பிளந்து பாக்க வச்சது 1933-ல வந்த 'கிங் காங்'. அதுக்கு முன்னாடியே 1925-ல 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்துல டைனோசர்களை நடமாட விட்ட வில்லிஸ் ஓ'பிரையன்தான் காங்குக்கும் உயிர் குடுத்தவர். பொம்மைகளைச் செஞ்சவர் மார்செல் டெல்காடோ. திரையில அம்மாம்பெருசா தெரியற காங், மேஜை மேல ஒன்றரை அடி உசரம்தான். மேல போத்தியிருந்தது முயல் ரோமம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்தும்போது விரல் பட்டு ரோமம் கலைஞ்சிடும். அதனால படத்துல காங்கோட முடி எப்பவும் சிலிர்த்துக்கிட்டே இருக்கற மாதிரி தெரியும். நியாயமா பாத்தா அது ஒரு பக். ஆனா பாத்தவங்க, கோவத்துல குரங்குக்கு ரோமம் சிலிர்க்குதுன்னு எடுத்துக்கிட்டாங்க! (நம்ம வேலையில பக்கை ஃபீச்சர்னு சொல்லிச் சமாளிக்கறதுக்கு இவங்கதான் முன்னோடி போல :))

அந்தப் படத்தை 1933-ல லாஸ் ஏஞ்சலீஸ்ல 13 வயசுல பாத்த ஒரு பையன், வீட்டுக்குப் போனதுலேருந்து வேற எதையும் யோசிக்கல. அவர்தான் ரே ஹேரிஹவுசன். 1920-ல பிறந்தவர், 2013-ல மறைஞ்சார். நான் பாத்துக்கிட்டு இருந்த எலும்புக்கூடு சண்டை அவர் கைவண்ணம்தான்.

அந்தக் காட்சியில மூணு மனுஷங்க, ஏழு எலும்புக்கூடு. நடிகர்கள் வெறும் காத்துல வாளை வீசின மாதிரி முதல்ல எடுத்துட்டாங்க. அப்புறம் அந்த ஃபிலிமை ஒவ்வொரு ஃப்ரேமா பின்னாடி இருக்கற திரையில விழ வச்சு, அதுக்கு முன்னாடி மேஜையில பொம்மைகளை நிறுத்தி, மனுஷன் வீசற வாளுக்குப் பொருந்தற மாதிரி எலும்புக்கூட்டோட கையை நகர்த்தணும். நகர்த்தினது ஹேரிஹவுசன் ஒருத்தரே. தனி ஆளா ஒரு ரூம்ல. சில நாள் வேலை முடியறப்போ கையில மிஞ்சினது 13 ஃப்ரேம். அதாவது அரை செகண்ட்! சில நிமிஷம் ஓடற அந்தச் சண்டைக்கு ஆனது நாலரை மாசம்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. பொம்மை மனுஷனுக்கு முன்னாடி நிக்கற மாதிரி எடுக்கறது சுலபம். ஆனா ஒரு பாறைக்குப் பின்னாடியிருந்து வந்து, மனுஷங்களுக்கு நடுவுல நடக்கணும்னா? அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது. திரையில முன்பக்கம் வர வேண்டிய பகுதியை கண்ணாடியில கறுப்பு அடிச்சு மறைச்சிடுவார். மிச்சத்தைப் பொம்மையோட சேத்து எடுப்பார். பிறகு அதே ஃபிலிமைப் பின்னாடி சுத்தி, இப்போ மத்ததை மறைச்சு, விட்டுப்போன முன்பக்கத்தை மட்டும் மறுபடி பதிவு பண்ணுவார். ரெண்டும் சேர்ந்தா பொம்மை நடுவுல மாட்டிக்கும். 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத்' (1958) வந்தப்போ இதுக்கு 'டைனமேஷன்'னு பேர் வச்சு விளம்பரம் பண்ணாங்க. நாம இன்னைக்கு ஃபோட்டோஷாப்புல லேயர் போடறோமே, கிட்டத்தட்ட அதே யோசனைதான். என்ன, அவர்கிட்ட கண்ட்ரோல்-இஸட் கிடையாது. பாதியில தப்பு நடந்தா முதல்லேருந்து. எடுத்தது சரியா வந்திருக்கான்னு ஃபிலிம் கழுவி வந்தப்புறம்தான் தெரியும். எந்தப் பொம்மையோட எந்தக் கை மேல போகுது, எது கீழ வருதுன்னு எல்லாத்தையும் மனசுலயே வச்சுக்கணும். நடுவுல ஃபோன் அடிச்சா முடிஞ்சது கதை.

கஷ்டம் வேற, நல்லா இருக்கறது வேற

இவ்வளவும் சொல்லித்தான் தம்பிகிட்ட தோத்தேன். யோசிச்சுப் பாத்தா அவன் சொன்னது சரி. ராத்திரி பூரா கண்ணு முழிச்சு எழுதின கோடு, அதுக்காகவே நல்ல கோடு ஆயிடாது. ஸ்டாப் மோஷன்லயும் உயிரைக் குடுத்து எடுத்த மொக்கைப் பூதங்கள் எக்கச்சக்கமா இருக்கு. நம்மள மாதிரி ரசிகர்கள் பண்ற பெரிய தப்பே, "எவ்ளோ உழைப்பு தெரியுமா"ன்னு ஆரம்பிக்கறதுதான். உழைப்பைக் காட்டி ரசிகனை மிரட்டக் கூடாது.

அப்போ எதை வச்சு நல்லா இருக்குன்னு சொல்றது? 'நிஜம் மாதிரி இருக்கா?'ங்கறது தப்பான அளவுகோல். நான் கேக்கற கேள்வி: 'இந்த ஜந்து இப்போ என்ன நினைக்குது?' அதுக்கு பாக்கறவனால பதில் சொல்ல முடிஞ்சா அந்தப் பூதம் பாஸ்.

உதாரணம் சொல்றேன். காங் ஒரு பெரிய டைனோசரோட சண்டை போட்டு அதோட தாடையைக் கிழிச்சுக் கொல்லுது. சண்டை அங்கயே முடிஞ்சு போச்சு. ஆனா காங் உடனே நகராது. செத்த டைனோசரோட தாடையைப் பிடிச்சுத் திறந்து மூடித் திறந்து மூடிப் பாக்குது. குழந்தை உடைஞ்ச பொம்மையை நோண்டிப் பாக்குமே, அப்படி. கதைக்கு அது தேவையே இல்ல. அந்தச் சில செகண்டுக்காக எத்தனை மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சேதான் ஓ'பிரையன் அதை வச்சிருக்கார். கடைசியில எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில, விமானத்துலேருந்து சுட்ட குண்டு பட்டதும் நெஞ்சைத் தொட்டு, விரல்ல ஒட்டின ரத்தத்தை எடுத்துப் பாக்கும். அதுக்கு என்ன நடந்ததுன்னு புரியல. நமக்குப் புரியுது. ஒன்றரை அடிப் பொம்மைக்கு 90 வருஷத்துக்கு மேல ஆகியும் ஜனங்க பாவப்படறாங்கன்னா இதனாலதான்.

அடுத்தது என் செல்லம். 1957-ல வந்த '20 மில்லியன் மைல்ஸ் டு எர்த்'. வெள்ளி கிரகத்துக்குப் போய்த் திரும்பற ராக்கெட் இத்தாலியில சிசிலிக் கடல்ல விழுது. அதுலேருந்து கரை ஒதுங்கின ஒரு முட்டை பொரிஞ்சு ஒரு குட்டி ஜந்து வெளிய வருது. ஹேரிஹவுசன் அதுக்கு வச்ச பேர் ஈமிர். (படத்துல அந்தப் பேரை ஒருத்தர் கூடச் சொல்ல மாட்டாங்க.) இருட்டுல பொரிஞ்ச குட்டி, திடீர்னு விளக்கு போட்டதும், கூச்சத்துல கண்ணைக் கசக்குது பாருங்க! அதோட நம்ம எல்லாரும் அதோட கட்சி ஆயிடறோம். அது தானா போய் யாரையும் கடிக்கல. நாய் பாயுது, மனுஷன் குத்தறான், அப்புறம்தான் அது திருப்பி அடிக்குது. நம்ம பூமிக் காத்து ஒத்துக்காம நாளுக்கு நாள் பெருசா வளர்ந்துக்கிட்டே போகுது. கடைசியில ரோம் நகரத்துக் கொலோசியத்து உச்சியில ஏத்தி விட்டு சுட்டுத் தள்ளறாங்க. படத்துல மனுஷங்க பேசின ஒரு வசனம் கூட எனக்கு ஞாபகம் இல்ல. அந்தக் கண்ணைக் கசக்கினது ஞாபகம் இருக்கு.

மூணாவது, 'ஜேசன்'ல வர வெண்கலச் சிலை டாலோஸ். ஹேரிஹவுசன் வாழ்நாள் பூரா பொம்மை வெட்டி வெட்டி நகராம வழவழன்னு நகரணும்னு பாடுபட்டவர். டாலோஸுக்கு மட்டும் வேணும்னே விறைப்பா நகர விட்டார். ஏன்னா அது உலோகம். துரு பிடிச்ச கதவு மாதிரிதான் திரும்பணும். உக்காந்திருக்கற சிலை மெதுவா தலையைத் திருப்பிக் கீழ பாக்குமே, அந்த ஒரு ஷாட்டுக்கு இன்னைக்கும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணும். கருவியோட பலவீனத்தையே அங்க பலமா மாத்திட்டார் மனுஷன்.

ஆறு கை போதும்

1955-ல 'இட் கேம் ஃப்ரம் பினீத் தி ஸீ'ன்னு ஒரு படம். சான் ஃப்ரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்தை ஒரு ராட்சச ஆக்டோபஸ் பிடிச்சு முறிக்குது. பட்ஜெட் ரொம்பக் குறைச்சல். எட்டு கையையும் ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்த நேரமும் இல்ல, காசும் இல்ல. ஹேரிஹவுசன் என்ன பண்ணார் தெரியுமா? ரெண்டு கையை வெட்டிட்டார். பொம்மைக்கு மொத்தம் ஆறே கை. எப்பவும் ஒண்ணு ரெண்டு தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி எடுத்தா யார் எண்ணப் போறா?

ஸ்கோப்பைக் குறைச்சு ரிலீஸ் தேதியைக் காப்பாத்தற வித்தையை இதைவிட அழகா எந்தப் புராஜெக்ட் மேனேஜரும் எனக்குச் சொல்லித் தரல :) எதை வெட்டினா வலிக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கையை வெட்டினார். ஆனா அந்தக் கை பாலத்தைச் சுத்தும்போது இருக்கற கனத்தை வெட்டல.

நடுநிலையா ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா பின்னூட்டத்துல நீங்களே கும்மிடுவீங்க. இந்தப் படங்கள்ல மனுஷங்க வர காட்சியெல்லாம் பெரும்பாலும் கொட்டாவிதான். ஒரு விஞ்ஞானி, ஒரு ராணுவ அதிகாரி, கத்தறதுக்குன்னே ஒரு பொண்ணு. 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.' (1966) படத்துல டைனோசரும் மனுஷனும் ஒண்ணா வாழறாங்க. பள்ளிக்கூடத்துப் பையன் கூட ஒத்துக்க மாட்டான். 'கிங் காங்'ல தீவு ஜனங்களைக் காட்டின விதத்தை இன்னைக்குப் பாத்தா நெளிய வேண்டியிருக்கு. பழசுங்கறதாலயே தங்கம்னு சொல்ல நான் வரல.

எங்க ஊர் மாமூத்

இங்க ஒரு சொந்த ஊர்ப் பெருமை. 1952-ல 'தி ஜங்கிள்'னு ஒரு ஆங்கிலப் படம் வந்தது. ராட் கேமரூன், சீசர் ரொமேரோன்னு ஹாலிவுட் ஆட்கள் நடிச்சது. ஒரு அமெரிக்கக் கம்பெனியோட சேர்ந்து அதைத் தயாரிச்சது எங்க சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரம். தமிழ்ல 'காடு'ன்னு வந்தது. காட்டு யானைங்க ஏன் மிரண்டு ஊருக்குள்ள ஓடி வருதுன்னு தேடிப் போனா, அழிஞ்சு போனதா நினைச்ச மாமூத் யானைங்க அங்க இன்னும் உயிரோட இருக்குங்கறதுதான் கதை. ஹாலிவுட்ல இருந்திருந்தா பொம்மை செஞ்சிருப்பாங்க. நம்மாளுங்ககிட்ட நிஜ யானை இருந்தது. அதுக்கு மேல ரோமத்தைப் போத்தி நடக்க விட்டுட்டாங்க! ஏற்காடு ரோட்டுல அந்த ஸ்டுடியோவோட நுழைவு வளைவு மட்டும் இப்ப மிச்சம் இருக்கு. ஸ்கூலுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன். அதுக்குள்ளேருந்து மாமூத் வந்த கதை அப்போ ஒருத்தரும் சொல்லல.

'சிஜி ஒழிக' கோஷ்டிக்கு

பதிவை இங்க முடிச்சிருந்தா, "ஆமாங்க, அந்தக் காலம் மாதிரி வருமா, இப்பல்லாம் கம்ப்யூட்டர் தட்டினா வந்துடுது"ன்னு நாலு பேர் சொல்லுவாங்க. அவங்களோடயும் எனக்குச் சண்டை இருக்கு.

1993-ல 'ஜுராசிக் பார்க்' எடுக்கும்போது, ஓடற டைனோசர்களை ஸ்டாப் மோஷனோட மேம்பட்ட வடிவமான 'கோ மோஷன்'ல எடுக்கறதாத்தான் ஸ்பீல்பெர்க் முதல்ல திட்டம் போட்டிருந்தார். அதுக்குப் பொறுப்பு ஃபில் டிப்பெட். சின்ன வயசுல ஹேரிஹவுசனோட சின்பாத் படத்தைப் பாத்துட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'ல (1980) பனியில நடக்கற நாலு கால் இயந்திரங்கள், 'ரோபோகாப்'ல (1987) படியில தடுக்கி விழற அந்த ரோபோ எல்லாம் அவர் வேலை. இதுக்கு நடுவுல டென்னிஸ் மியூரன் தலைமையில இருந்த கம்ப்யூட்டர் குழு, ஒரு டைனோசர் நடக்கற சோதனைக் காட்சியைக் காட்டினாங்க. பாத்த ஸ்பீல்பெர்க் முடிவை மாத்திட்டார். தன் தொழிலே அழிஞ்சு போச்சுன்னு டிப்பெட் நொந்து சொன்ன பேச்சு அவருக்குப் பிடிச்சுப் போய், அதைப் படத்துலயே ஒரு வசனமா வச்சுட்டார். அடப்பாவி, அதையும் சிரிப்பாக்கிட்டீங்களா!

ஆனா அவர் டிப்பெட்டை வீட்டுக்கு அனுப்பல. ஏன்னா கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியும், விலங்கு எப்படித் தன் எடையை ஒரு கால்லேருந்து இன்னொரு காலுக்கு மாத்தும்ங்கறது டிப்பெட்டுக்குத் தெரியும். அதனால அவர் ஆட்கள் ஒரு வேலை செஞ்சாங்க. ஸ்டாப் மோஷன் பொம்மையோட உலோக எலும்புக்கூட்டை எடுத்து, ஒவ்வொரு மூட்டுலயும் சென்சார் வச்சாங்க. அனிமேட்டர் பழைய பழக்கப்படியே அதைக் கையால நகர்த்துவார். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற டைனோசர் அதே மாதிரி நகரும். மழையில டி-ரெக்ஸ் காரைத் தாக்கற காட்சி, சமையலறையில ராப்டர்கள் குழந்தைகளைத் தேடற காட்சி, இதுல எல்லாம் சில ஷாட்டுகள் அப்படி வந்ததுதான். கம்ப்யூட்டர் குழுவை மைம் வகுப்புக்கு அனுப்பி, டைனோசர் மாதிரி ஓட வச்சுப் பழக்கினாங்க. அந்தப் படத்துக்குக் கிடைச்ச ஆஸ்கர்ல மியூரனோட சேர்ந்து டிப்பெட் பேரும் இருக்கு.

அதனால, சிஜின்னா பட்டனைத் தட்டினா வர்ற சமாச்சாரம் இல்ல. அங்கயும் ஒரு ஆள் உக்காந்து ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தறான். 'லைஃப் ஆஃப் பை' புலிக்கு 2013 பிப்ரவரியில ஆஸ்கர் கிடைச்சப்போ, அந்தப் புலியைச் செஞ்ச ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி அதே மாசம் திவாலாகி இருந்தது. விழா நடந்த அரங்கத்துக்கு வெளிய கிராபிக்ஸ் கலைஞர்கள் போராட்டம் பண்ணாங்க. அந்தக் கம்பெனிக்கு மும்பையிலயும் ஹைதராபாத்லயும் கூட ஆபீஸ் இருந்தது. நம்ம வயசுப் பசங்கதான் மக்களே. கேவலமான கிராபிக்ஸ்னு நாம திட்டற பல படத்துல, அந்த ஆளுக்கு யோசிக்கவே நேரம் குடுத்திருக்க மாட்டாங்க.

நேரமும் முடிவெடுக்கற உரிமையும் குடுத்தா என்ன ஆகும்? 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' (2023) பாருங்க. இயக்குனர் தகாஷி யமசாகியே விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் பொறுப்பு. மொத்தம் 35 பேர், 610 ஷாட். 2024-ல ஆஸ்கர். முதல் காட்ஸில்லா (1954) எடுத்த சுபுராயாவுக்கு 'கிங் காங்' மாதிரி ஸ்டாப் மோஷன்லதான் எடுக்க ஆசை. நேரம் கட்டுப்படி ஆகாதுன்னு ரப்பர் உடைக்குள்ள ஆளை விட்டார். 70 வருஷத்துல பொம்மை, ஆள், கம்ப்யூட்டர்னு கருவி மாறிக்கிட்டே வந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் நல்ல பூதமும் வந்திருக்கு, மொக்கைப் பூதமும் வந்திருக்கு.

லேத் பட்டறை

ஹேரிஹவுசனோட அப்பா ஒரு மெஷினிஸ்ட். மகன் செய்யற பொம்மைகளுக்கு உலோக மூட்டுகளைக் கடைஞ்சு குடுத்தது அவர்தான். இதை முதல்ல படிச்சப்போ எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா சேலத்துல ஒரு லேத் பட்டறையில டர்னர்.

நான் எட்டாவது படிக்கும்போது, 2010-ல, பட்டறை முதலாளி ஒரு பழைய சிஎன்சி மெஷின் வாங்கிப் போட்டார். அப்பாவையும் சேர்த்து அஞ்சு டர்னர் இருந்தாங்க. சொல்லித்தர வந்தவர் ரெண்டு நாள் இங்கிலீஷ்ல பேசிட்டு ஒரு புஸ்தகத்தைக் குடுத்துட்டுப் போயிட்டார். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு கண்ணு"ம்பார். ஜி00-ன்னா சும்மா வேகமா நகரு, ஜி01-ன்னா வெட்டிக்கிட்டே நேரா நகரு. நான் கத்துக்கிட்ட முதல் புரோகிராமிங் அதுதான். ஒரு மாசத்துல அப்பா பிடிச்சுக்கிட்டார். மெஷின் ஓடும்போது சத்தத்தை வச்சே, "இன்சர்ட் போயிருச்சு, நிறுத்து"ன்னு சொல்லுவாராம். முதலாளி அதனாலதான் அவரை வச்சுக்கிட்டார்.

மத்த நாலு பேர்ல மூணு பேர் ஆறு மாசத்துல போயிட்டாங்க. அதுல ஒரு மாமா மரை வெட்டறதுல கில்லாடி. ஜவுளிக்கடையில வாட்ச்மேனா சேர்ந்தார். அப்பா இன்னைக்கும் சொல்லுவார்: "அவன் என்னை விட நல்ல கை கண்ணு. வீட்டுல படிச்சுச் சொல்ல ஆள் இல்ல. அங்கயும் யாரும் வா, கத்துக்கன்னு கூப்பிடல."

வில்லிஸ் ஓ'பிரையன் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 'மைட்டி ஜோ யங்' (1949) படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். ஆனா அதுக்கப்புறம் அவர் வரைஞ்சு வச்ச படங்கள்ல பெரும்பாலானது எடுக்கப்படவே இல்ல. காங்கை வேற ஒரு பூதத்தோட மோத விடலாம்னு அவர் யோசிச்ச கதை, கைமாறி ஜப்பானுக்குப் போய், ரப்பர் உடையோட 'கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா'வா 1962-ல வந்தது. அதே வருஷம் அவர் காலமானார். கௌபாய்கள் டைனோசரைக் கயிறு வீசிப் பிடிக்கற அவரோட கனவுப் படத்தை, 'தி வேலி ஆஃப் குவாங்கி'ன்னு 1969-ல ஹேரிஹவுசன்தான் எடுத்து முடிச்சார். வித்தையில குருவை விட டிப்பெட் பெரிய ஆள்னு யாரும் சொல்ல மாட்டாங்க. டிப்பெட்டைக் கூப்பிட்டாங்க, ஓ'பிரையனைக் கூப்பிடல. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, எங்க ஆபீஸ்லயும் ஒரு புது மெஷின் வந்திருக்கு. நாம என்ன வேணும்னு சொன்னா அதுவே கோடு எழுதுது. நல்லாவே எழுதுது, பொய் சொல்லக் கூடாது. நானும் தினம் அதோடதான் வேலை செய்யறேன். ஆனா எங்க டெஸ்டிங் டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, 14 வருஷ அனுபவம். புது ரிலீஸைப் பாத்த மாத்திரத்துல, "மாசக் கடைசியில பில்லிங் உதைக்கும் பாருப்பா"ம்பாங்க. உதைக்கும். ரெண்டு மாசம் முன்னாடி அவங்களை புராஜெக்ட்லேருந்து விடுவிச்சுட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது என்னன்னு ஒருத்தரும் உக்கார வச்சுக் கேக்கல. மூட்டுக்கு மூட்டு சென்சார் வைக்கல. நானும் கேக்கல. போயிட்டு வரேன்பான்னு சொன்னப்போ தலையை ஆட்டிட்டு ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டேன். அந்த வெக்கம்தான் தம்பிகிட்ட இருபது நிமிஷம் கத்தினதுக்கு நிஜமான காரணம்னு இப்போ தோணுது.

என் கருத்து இதுதான். புது மெஷின் வர்றதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆனா பழைய வேலை தெரிஞ்சவங்களை முதல் நாளே அதுக்குப் பக்கத்துல உக்கார வைக்கணும். இரக்கப்பட்டு இல்ல. அவங்க இல்லன்னா டைனோசர் ஓடும், அதுக்கு எடை இருக்காது. 'ஜுராசிக் பார்க்' 1993-லேயே இதைச் செஞ்சு காட்டிடுச்சு. எங்க அப்பா பட்டறை பாதிதான் செஞ்சது. எங்க ஆபீஸ் செய்யவே இல்ல.

அந்த அக்காவுக்கு ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணினேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். "மாசக் கடைசி வந்துடுச்சே, பில்லிங் உதைச்சுதா?"ன்னு கேட்டாங்க. உதைச்சிருந்தது :(

தம்பிக்கு ஈமிர் படத்தைப் பாக்கச் சொல்லிக் குடுத்தேன். மறுநாள் வந்து, "பாதியில தூங்கிட்டேண்ணா"ன்னான். கொஞ்சம் கழிச்சு, காபி மெஷின்கிட்ட நிக்கும்போது, "அது லைட் போட்டதும் கண்ணைக் கசக்கும்ல... அது நல்லா இருந்துச்சு"ன்னான்.

அது போதும் எனக்கு.

டிஸ்கி 1: புதுசா ஆரம்பிக்கறவங்க இந்த வரிசையில பாருங்க. கிங் காங் (1933), 20 மில்லியன் மைல்ஸ் டு எர்த் (1957), தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத் (1958), ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ் (1963). நாலும் பிடிச்சிருந்தா டிப்பெட் பல வருஷம் விட்டு விட்டு எடுத்து 2021-ல முடிச்ச 'மேட் காட்'. அது குழந்தைங்களோட பாக்கற படம் இல்ல, சொல்லிட்டேன்.

டிஸ்கி 2: சின்ன வயசுல உங்களை முதல்ல பயமுறுத்தின பூதம் எது? பின்னூட்டத்துல சொல்லுங்க. விட்டலாச்சார்யா படம்னு சொன்னாலும் கணக்குல சேத்துக்கப்படும் :)